பழைய பொம்மைகளை வைத்து வரும் அனிமேஷன் படங்கள்: எனக்கு நம்பிக்கை வரவில்லை

பழையபெட்டி · ஞாயிறு இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கும் விஷயம், இன்று எழுதிவிடுகிறேன்.

2023ல் பார்பி படம் உலகம் முழுக்க 144 கோடி டாலர் வசூலித்தது. அது நடிகர்கள் நடித்த படம், அனிமேஷன் இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் பார்பி பொம்மையைச் செய்யும் மேட்டல் நிறுவனம் கையில் வைத்திருந்த படப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹாட் வீல்ஸ் கார், பாலி பாக்கெட், பார்னி, கடைசியில் ஊனோ சீட்டுக்கட்டு வரை அதில் இருந்தது. பொம்மை பெயரோடு ஒரு கார்ட்டூன் படம் வருகிறது என்று எங்கே படித்தாலும் இப்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

நான் தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன். அந்தப் பொம்மை ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது. இடுப்பைத் திருகிவிட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு படாரென்று திரும்பிக் குத்துவிடும். கால் இரண்டும் உள்ளே ரப்பரில் பிடித்திருக்கும். நாலைந்து வெயில் காலம் போனதும் ரப்பர் காய்ந்து ஒரு கால் கழன்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹீ-மேன் போரில் காலை இழந்த தளபதி. வில்லன் ஸ்கெலிடார் பொம்மை வாங்கித்தர வீட்டில் வசதியில்லை, அதனால் அப்பாவின் பவுடர் டப்பாதான் ஸ்கெலிடார். அந்தக் கதை மூன்று வருடம் ஓடியது. எந்தத் தொலைக்காட்சியிலும் வராத கதை அது.

என் வருத்தம் இதுதான். பொம்மை என்பது பாதிக் கதை. மீதியைக் குழந்தை போட்டு நிரப்பிக்கொள்ளும். படம் வந்தால் அந்த மீதி இடமும் அடைபட்டுவிடுகிறது. 40 வயதுக்காரனின் ஏக்கத்துக்கு டிக்கெட் போட்டு, பிள்ளையையும் கூட இழுத்து வரச் செய்து, அவன் விளையாட வேண்டிய கதையை இவர்களே முடித்துத் தந்துவிடுகிறார்கள்.

இது புதிதும் இல்லை. 1969ல் ஹாட் வீல்ஸ் காரை வைத்தே அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. போட்டி பொம்மை நிறுவனம் ஒன்று முறையிட, அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் எஃப்.சி.சி. ஆணையம் அதை விளம்பரக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. 1984ல் அதே ஆணையம் விளம்பர நேரக் கட்டுப்பாடுகளையே எடுத்துவிட்டது. ஹீ-மேன் பொம்மை 1982ல் கடைக்கு வந்தது, தொடர் 1983ல். முதலில் பொம்மை, அப்புறம்தான் கதை. நான் உயிராக நேசித்தது ஒரு அரைமணி நேர விளம்பரத்தை என்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். அதற்காக நேசிப்பு குறையவில்லை, ஆனால் அது நெஞ்சில் ஒரு முள்ளாகவே இருக்கிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இப்படி வந்த படங்களில் நிஜமாகவே நல்ல படம் என்று எதைச் சொல்வீர்கள்?

தேன்மொழி_ம · ஞாயிறு இரவு 10.25

அண்ணா, பவுடர் டப்பா ஸ்கெலிடாரைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் செங்கல்தான் பஸ்.

ஆனாலும் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 2014ல் வந்த லெகோ மூவி. ஃபில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் இயக்கியது. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை, வருடம் முழுக்கக் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். குழந்தை எப்படி விளையாடும் என்று தெரிந்தவர்கள் எடுத்த படம் அது.

அதில் தண்ணீர், புகை, தீ எல்லாமே லெகோ கட்டைதான். கட்டைகள் மேல் கைரேகை தெரியும், கீறல் தெரியும். பென்னி என்று ஒரு நீல நிற விண்வெளி வீரன் வருவான். அவன் ஹெல்மெட்டில் தாடைக்குக் கீழே உள்ள பட்டை உடைந்திருக்கும். 1980களில் வந்த அந்தப் பொம்மைகளில் சரியாக அந்த இடம்தான் உடையுமாம். பொம்மையைப் பளபளப்பாக்கிக் காட்டாமல், ஒரு பிள்ளை கையில் பத்து வருடம் கிடந்தால் எப்படி ஆகுமோ அப்படிக் காட்டினார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கதையும் நீங்கள் சொல்லும் வருத்தத்தைப் பற்றியதுதான். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வில்லன் யார்? வீட்டின் கீழ்த்தளத்தில் லெகோ நகரம் கட்டி வைத்து, பிள்ளை தொடக்கூடாது என்று எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டப் போகும் அப்பா. உலகத்தை அழிக்கும் ஆயுதமே ஒரு பசை ட்யூப். தன் பழைய ஞாபகத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க மனசில்லாத பெரியவரை ஒரு பொம்மைப் படமே குற்றவாளியாக நிறுத்துகிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். படம் பிடித்துப்போய் என் மகனுக்கு அதில் வரும் ஒரு வண்டியின் செட் வாங்கிக் கொடுத்தோம். கையேட்டைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாளில் கட்டி முடித்தான். அப்புறம் அதை அலமாரியில் வைத்தவன்தான், கலைக்கவே விடவில்லை. "கலைச்சா அந்த வண்டி போயிடும்மா" என்றான். பசை போடாமலேயே ஒட்டிவிட்டது. அன்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பனிக்காட்டான் · திங்கள் காலை 6.10

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சி தேன்மொழி எழுதிய கடைசிப் பத்தி அருமை.

நான் இங்கத்தைய அனிமேஷன் பக்கத்திலிருந்து ஒரு விசயம் சொல்லவேணும். நெல்வானா என்று இந்த நகரத்தில் ஒரு கலையகம் இருக்கிறது. 1983ல் அவர்கள் ராக் அண்ட் ரூல் என்று ஒரு படம் செய்தார்கள். பொம்மையும் இல்லை, விளம்பரமும் இல்லை, முழுக்கச் சொந்தக் கற்பனை. அந்தப் படம் ஓடாமல் நிறுவனமே மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. அவர்களைக் காப்பாற்றியது 1985ல் செய்த கேர் பேர்ஸ் மூவி. அந்தக் கரடிகளின் பிறப்பே வாழ்த்து அட்டையில்தான், பிறகுதான் பொம்மை ஆனவை. மிகக் குறைந்த செலவில் செய்த படம் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 2.3 கோடி டாலர் வசூலித்தது. அதே ஆண்டு டிஸ்னி பெருஞ்செலவில் வெளியிட்ட தி பிளாக் கால்ட்ரன் அங்கே அவ்வளவு வசூலிக்கவில்லை.

படம் பெரிய கலைப்படைப்பா என்று கேட்டால், இல்லை. என் பிள்ளைகளோடு இருந்து பார்த்தேன், எனக்கு நித்திரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பணத்தில்தான் பல ஓவியர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது, பிறகு அதே கலையகம் நல்ல தொடர்களும் செய்தது. பழையபெட்டி அண்ணை சொல்வதை நான் மறுக்கவில்லை. வரைகிறவனின் பக்கத்தில் நின்றால் இது வேறு மாதிரித் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

சைபர்ட்ரான்வாசி · திங்கள் காலை 11.30

இந்த இழையில் 1986ல் வந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் அனிமேஷன் படம் பற்றி யாரும் இன்னும் எழுதாததால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் முதலில் ஒரே பொம்மை வரிசைகூட இல்லை. ஜப்பானில் டக்காரா நிறுவனம் டயக்லோன், மைக்ரோ சேஞ்ச் என்று தனித்தனியாக விற்ற உருமாறும் பொம்மைகளை அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கி, ஒரே பெயரில் 1984ல் அமெரிக்காவில் இறக்கியது. யார் நல்லவன், யார் கெட்டவன், யாருக்கு என்ன பெயர், என்ன குணம் என்பதையெல்லாம் மார்வெல் காமிக்ஸ்காரர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். நல்லவர்களின் தலைவனுக்கு ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டென்னி ஓ'நீல், மற்ற பல பெயர்களை வைத்தவர் பாப் பூடியன்ஸ்கி. ஆக, கூலிக்கு எழுதிய கதைதான்.

ஆனால் குரல் கொடுக்க வந்த பீட்டர் கல்லன் என்ன செய்தார் தெரியுமா? அவருடைய அண்ணன் லாரி ராணுவத்தில் வியட்நாமுக்குப் போய்வந்தவர். ஒரு தலைவன் பாத்திரத்துக்குக் குரல் தேர்வுக்குப் போகிறேன் என்று சொன்னதும், தலைவன் என்றால் கத்த வேண்டாம், மென்மையாக இருக்கும் அளவுக்கு வலிமையோடு இரு என்ற பொருளில் அண்ணன் அறிவுரை சொன்னாராம். கல்லன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன் பேசும் விதத்தையே மனத்தில் வைத்து அவர் பேசியதுதான் ஆப்டிமஸ். சரக்கு வண்டியாக உருமாறும் ஒரு பொம்மைக்குள் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

1986 ஆகஸ்டில் படம் வந்தது. நெல்சன் ஷின் இயக்கம், அனிமேஷன் ஜப்பானின் டோயி. நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் கடைசியாகக் குரல் கொடுத்தது இந்தப் படத்துக்கு, கிரகங்களை விழுங்கும் யூனிக்ரானாக. எனக்கு இதையெல்லாம் அப்போது யார் சொன்னார்கள்? குவைத்திலிருந்து வந்த மாமா ஒரு வி.எச்.எஸ். கேசட் கொண்டுவந்தார், அவ்வளவுதான். எங்கள் தெருவில் டெக் இருந்த ஒரே வீட்டில், பத்துப் பதினைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே கெட்டவர்கள் ஒரு விண்கலத்துக்குள் புகுந்து, நல்லவர்கள் பக்கத்து அயர்ன்ஹைட், ராட்செட், ப்ரவுல், ப்ரான் நாலு பேரையும் கொன்றுவிடுவார்கள். தொடரில் யாரும் சாகவே மாட்டார்கள், அடிபட்டால் சரிசெய்துவிடுவார்கள். அதனால் எங்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அப்புறம் ஆப்டிமஸ் வருகிறார், சண்டை போடுகிறார், ஜெயிக்கிறார், படுக்கையில் கிடக்கிறார். கண் அணைகிறது. சிவப்பும் நீலமும் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிறது. தலை பக்கவாட்டில் சாய்கிறது. அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து வெளியே போய்விட்டான், திரும்பி வரவே இல்லை.

ஏன் கொன்றார்கள்? 1984ல் வந்த பொம்மைகளின் விற்பனைக் காலம் முடிந்துவிட்டது, 1986க்கான புதுப் பொம்மைகளுக்கு அலமாரியில் இடம் வேண்டும். அந்தக் கதையில் வேலை செய்தவர்களே இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் அப்பா மாதிரி ஆகிவிட்டார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அமெரிக்காவில் தியேட்டரிலேயே பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கோபப்பட்டார்கள். படம் அங்கே 60 லட்சம் டாலர்கூட வசூலிக்கவில்லை. அடுத்து வரவிருந்த, ராணுவ வீரர் பொம்மைகளான ஜி.ஐ. ஜோவின் படத்தில் டியூக் என்ற வீரன் சாவதாக எழுதியிருந்ததை மாற்றி, கோமாவில் இருக்கிறான் என்று வசனத்தில் சொல்லி ஒப்பேற்றினார்கள். 1987ல் ஆப்டிமஸைத் தொடரில் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நான் சொல்ல வருவது இது. பழையபெட்டி சார் சொல்லும் எல்லாக் குற்றமும் இந்தப் படத்தின் மேல் உண்டு. சரக்குப் பட்டியலைப் பார்த்து எழுதிய கதை. ஆனால் சாவு என்றால் என்ன என்று எனக்கு முதலில் காட்டியது அதுதான். மறு வருடம் தாத்தா இறந்தபோது அவர் முகம் நிறம் மாறியிருந்ததைப் பார்த்து எனக்கு ஆப்டிமஸ் ஞாபகம்தான் வந்தது. விற்பதற்காகச் செய்த ஒன்று எனக்குள் இப்படி இறங்கியதை நான் எந்தக் கணக்கில் வைப்பது? இன்றுவரை தெரியவில்லை.

பழையபெட்டி · திங்கள் மாலை 7.05

சைபர்ட்ரான்வாசி, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நன்றி.

என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். விளம்பரமாகப் பிறந்தது என்பதற்காக ஒரு படத்தை ஒதுக்கக்கூடாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1986ல் அந்தப் படத்தைச் செய்தவர்களுக்கு நம் ஏக்கத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அது நேற்று வந்த பொம்மை. அதனால் கொல்லத் துணிந்தார்கள், கண்டபடி செய்தார்கள். இப்போது எடுப்பவர்களுக்கு நம் ஏக்கம் என்ன விலை போகும் என்று துல்லியமாகத் தெரியும். பழைய வசனம் ஒன்று, பழைய இசைத் துணுக்கு ஒன்று, பின்னணியில் பழைய பொம்மை ஒன்று, நாம் அடையாளம் கண்டு சிலிர்க்க வேண்டும். அந்தச் சிலிர்ப்பு எனக்கும் வருகிறது, வந்த மறுநிமிடம் ஏமாந்த மாதிரி இருக்கிறது.

மணல்வீடு · திங்கள் இரவு 9.15

ஃபன்ஸ்கூல் காலத்து ஆள் நான். நம் எம்.ஆர்.எஃப். குழுமத்தின் பொம்மை நிறுவனம்தான், தலைமையகம் சென்னை. ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஜி.ஐ. ஜோ பொம்மைகளைக் கோவாவில் செய்தார்கள். அமெரிக்காவில் இல்லாத நிறச் சேர்க்கையில் எல்லாம் இங்கே வந்ததால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

அந்தப் பொம்மையோடு வந்த அட்டையை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? பின்பக்கம் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குறிப்பு இருக்கும்: இயற்பெயர், பிறந்த ஊர், பதவி, என்ன ஆயுதத்தில் தேர்ச்சி. எழுதியவர் லாரி ஹாமா, அவரே ராணுவத்தில் இருந்தவர். கத்தரிக்கோலால் அளவெடுத்து வெட்டி, சோப்பு டப்பாவில் அடுக்கி வைத்திருந்தேன். ஸ்னேக் ஐஸ் குறிப்பில் மட்டும் பெயரும் ஊரும் ரகசியம் என்று போட்டிருக்கும். கறுப்பு முகமூடி, பேசவே மாட்டான். எனக்கு அவன்தான் உயிர். ரகசியம் என்று போட்டிருந்ததால் நானே முடிவு செய்துகொண்டேன்: அவன் பிறந்தது பட்டுக்கோட்டை. பெயர் மட்டும் யாருக்கும் சொல்லவில்லை, என் தங்கைக்குக்கூட.

2021ல் அவன் பூர்வீகத்தையே ஒரு முழுப் படமாக எடுத்தார்கள். அனிமேஷன் இல்லை என்றாலும் சொல்கிறேன். முகம் தெரிந்தது, பேசினான், அப்பா யார் என்று தெரிந்தது. மோசமான படம் என்று கோபப்படவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களே என்றுதான் இருந்தது. பழையபெட்டி சொன்ன அந்த "மீதி இடம்", அட்டையில் ஒரே ஒரு வார்த்தைதான், அதில்தான் என் பட்டுக்கோட்டை இருந்தது.

பம்பரம்95 · திங்கள் இரவு 10.50

உங்களுக்கெல்லாம் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் வந்தவன். எங்களுக்கு பேபிளேடு. பல்பட்டையைச் சொருகி இழுத்தால் சீறிக்கொண்டு போகும். ஜப்பானில் பேகோமா என்று ஒரு பழைய பம்பரம் உண்டு, அதிலிருந்து பிறந்த யோசனை அது. என் தாத்தா பேபிளேடைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஆணி இல்லாத பம்பரம்டா இது" என்று சொல்லிவிட்டு, கயிறு சுற்றி ஒரு மரப் பம்பரத்தை விட்டு என் பேபிளேடை முறத்துக்கு வெளியே தள்ளினார்.

படம் பற்றி ஒரு கருத்து. லெகோ படம் ஜெயித்ததற்கு அந்தப் பொம்மைக்கென்று முன்கூட்டியே ஒரு கதை இல்லாததும் காரணம். ட்ரோல்ஸ் பொம்மையும் அப்படித்தான். 1959ல் டென்மார்க்கில் தாமஸ் டாம் என்பவர் தன் மகளுக்காக மரத்தில் செதுக்கியதிலிருந்து வந்தது. குண்டு முகம், மேலே தூக்கிய முடி, அவ்வளவுதான், யார் என்ன என்று ஒன்றும் கிடையாது. அதனால் 2016ல் ட்ரீம்வொர்க்ஸ் அதில் எதை வேண்டுமானாலும் எழுத முடிந்தது. 34 கோடி டாலருக்கு மேல் வசூல். என் அக்கா மகளுக்கு அது பழைய பொம்மை என்றே தெரியாது. பழைய ஞாபகத்தை நம்பி எடுக்காத படம் என்பதால்தான் எனக்கும் உறுத்தவில்லை.

தேன்மொழி_ம · செவ்வாய் காலை 8.00

தம்பி, கதை இல்லாத பொம்மை என்றால் ப்ளேமொபிலும் அதுதானே? 1974ல் ஹான்ஸ் பெக் ஜெர்மனியில் வடிவமைத்தது. குழந்தை வரையும் முகம் மாதிரி இரண்டு கண், ஒரு சிரிப்பு, மூக்கு கிடையாது. இதில் நல்லவன் கெட்டவன் ஒன்றுமில்லை. 2019ல் அதை வைத்து வந்த படம் அமெரிக்காவில் 2,300க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் வெளியாகி, முதல் வார இறுதியில் 7 லட்சம் டாலர்கூடத் தேறவில்லை. ஒரு தியேட்டருக்கு மூன்று நாளில் 300 டாலர்கூட இல்லை என்று ஆகிறது.

நான் பார்த்தேன். எனக்குத் தோன்றிய காரணம் இது. அந்தப் பொம்மைக்கு முழங்கால் மடங்காது, முழங்கை மடங்காது. பிள்ளைகள் அதைப் பிடித்து டொக் டொக்கென்று நடக்கவைப்பார்கள், குதிரையில் உட்காரவைக்க இடுப்பை மட்டும் வளைப்பார்கள். அந்த விறைப்புதான் அதன் அழகு. படத்தின் தொடக்கத்தில் அந்த விறைப்பு கொஞ்சம் வருகிறது. அப்புறம் எல்லாப் படங்களையும் போல் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், பாடுகிறார்கள். எந்தப் பொம்மை என்பதே மறந்துபோகிறது. லெகோ மூவியில் கடைசிவரை மறக்காது.

சைபர்ட்ரான்வாசி · செவ்வாய் மதியம் 1.20

தேன்மொழி சொன்னது ரொம்பச் சரியான இடத்தைத் தொடுகிறது. அதனால்தான் 2024ல் வந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன் பற்றி எனக்கு இன்னும் ஆற்றாமை.

ஜோஷ் கூலி இயக்கியது. அதில் ஓரியன் பாக்ஸ், டி-16 என்று இரண்டு சுரங்கத் தொழிலாளிகள். பின்னால் ஆப்டிமஸும் அவருடைய பரம எதிரி மெகட்ரானும் ஆகப் போகிறவர்கள். அவர்களுக்கு உருமாறும் உறுப்பே இல்லை. உருமாறும் பொம்மையின் படத்தில் கணிசமான நேரம் உருமாறவே முடியாது! அது கிடைத்ததும் முதல் தடவை மாறும்போது கை எங்கே போகிறது, சக்கரம் எங்கே வருகிறது என்று தடுமாறி விழுவார்கள். புதுப் பொம்மையை டப்பாவிலிருந்து எடுத்து, எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் நாம் திருகுவோமே, அதே தடுமாற்றம். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையையே மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நட்பு உடையும் காட்சியை எழுதிய விதத்தில் அவர்களுக்கு அந்தக் கதை மேல் மெய்யான அக்கறை இருப்பது தெரிந்தது. விமர்சகர்களும் பாராட்டினார்கள். 7.5 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்கச் சுமார் 13 கோடிதான் வசூல். தியேட்டர்காரர்கள் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் போனால் அது போதாது. நாங்கள் பார்த்த காட்சியில் இருபது பேர் இருந்திருப்போம். முன்னோட்டத்தை வெறும் சிரிப்புப் படம் மாதிரி வெட்டியிருந்தார்கள், என்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்தே ஒதுங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நம் சந்தேகத்துக்கும் ஒரு விலை இருக்கிறது சார். பத்துச் சோம்பேறிப் படம் பார்த்துச் சூடுபட்டவர்கள் பதினொன்றாவது நல்ல படம் வரும்போது வீட்டில் இருந்துவிடுகிறோம்.

பனிக்காட்டான் · செவ்வாய் மாலை 5.45

அதே கவலைதான் எனக்கும். நல்ல படம் தோற்றால் அலுவலக மேசையில் என்ன முடிவு எடுப்பார்கள்? நன்றாக எழுதினால் ஓடாது என்றுதான்.

டாய் ஸ்டோரியையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். 1995ல் முதல் படத்துக்கு பார்பியைத் தர மேட்டல் மறுத்துவிட்டது. ஜி.ஐ. ஜோவை வெடிக்கவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்து ஹாஸ்ப்ரோவும் மறுத்தது. அதனால்தான் கொம்பாட் கார்ல் என்று வேறொரு வீரனை உருவாக்கி வெடிக்கவைத்தார்கள். பொம்மை உடையக்கூடாது என்று சொந்தக்காரன் நினைத்தான், உடைவதுதான் பொம்மையின் வாழ்க்கை என்று கதை சொன்னவன் நினைத்தான். 1999ல் இரண்டாம் படம் வரும்போது பார்பி தானே வந்துவிட்டாள்.

பொம்மை நிறுவனம் "இதைச் செய்யாதே" என்று எத்தனை இடத்தில் சொன்னது என்று தெரிந்தால், படம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம் போல.

பழையபெட்டி · செவ்வாய் இரவு 9.30

பனிக்காட்டான் சொன்ன கடைசி வரியை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். இனிமேல் இப்படி ஒரு படம் வந்தால் நான் பார்க்கப் போவது ஒன்றைத்தான்: இதில் பொம்மை உடைகிறதா? கீறல் இருக்கிறதா? அழுக்குப் படுகிறதா? கால் கழன்ற ஹீ-மேனுக்கு அந்த உலகத்தில் இடம் இருந்தால் என் மருமகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பளபளவென்று, கடை அலமாரியில் இருந்து இறங்கி வந்தது மாதிரி மட்டும் இருந்தால் போகமாட்டேன். சைபர்ட்ரான்வாசி, ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன் படத்தை நானும் அப்போது ஒதுக்கியவன்தான். இந்த வாரமே பார்த்துவிடுகிறேன்.

தேன்மொழி_ம · புதன் மாலை 6.20

மணல்வீடு அண்ணா, தலைப்புக்குக் கொஞ்சம் விலகி ஒரு உதவி. உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பரணில் தேடியதில் என் தம்பியின் ஜி.ஐ. ஜோ ஒன்று கிடைத்தது. மார்பு தனி, இடுப்பு தனி, கால் தனி என்று கழன்று கிடக்கிறது. எதுவும் உடைந்த மாதிரித் தெரியவில்லை. சேர்க்க முடியுமா?

மணல்வீடு · புதன் இரவு 8.10

தாராளமாக முடியும்மா. உடையவில்லை, உள்ளே இருக்கும் கறுப்பு ஓ-ரிங் ரப்பர் இற்றுப்போயிருக்கும், எல்லா ஜி.ஐ. ஜோவுக்கும் வருகிற நோய் அது. முதுகில் ஒரு சின்ன ஸ்டார் ஸ்குரூ இருக்கும், மெதுவாகக் கழற்றுங்கள். மார்பு இரண்டாகப் பிரியும். இரண்டு காலையும் இணைக்கும் ஒரு சின்ன உலோகக் கொக்கி இருக்கிறதா பாருங்கள், அதுதான் முக்கியம், தொலைத்துவிடாதீர்கள். கால், கொக்கி இரண்டையும் இடுப்பில் வைத்து, கொக்கியில் ரப்பரை மாட்டி மேலே இழுத்து, மறு முனையை மார்புக்குள் ஸ்குரூ போகும் தண்டில் மாட்டி மூட வேண்டும். ரப்பர், குழாய்ச் சாமான் கடையில் கிடைக்கும். அளவு சொல்லிக் கேட்பதைவிடப் பொம்மையையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ரொம்ப இறுக்கமாக இருந்தால் இடுப்பு விரிந்துவிடும், கவனம்.

தேன்மொழி_ம · வியாழன் இரவு 9.00

கொக்கி இருக்கிறது அண்ணா! ஸ்குரூவைத்தான் காணோம். சனிக்கிழமை கடைக்குப் போகிறோம்.

அதுவரை பொறுக்காமல் என் மகன் மார்பை மட்டும் ஒரு தீப்பெட்டி மேல் சொருகி நிற்கவைத்துவிட்டான். தீப்பெட்டிக்குக் கீழே அந்த லெகோ வண்டியின் சக்கரங்கள். வண்டியை அவனே கலைத்திருக்கிறான். இந்த ஆளுக்கு என்ன பேர் என்று கேட்டேன். ரகசியம் என்றான்.